வரைபடத்தில் காணாமற்போன நிலநடுக்கம்

உங்கள் பூகோளப் புத்தகத்தில் உள்ள வரைபடம் அச்சேறிய நாளிலிருந்து மாறுவதில்லை. கணிப்பொறித் திரையிலோ கைபேசியிலோ நீங்கள் காணும் வரைபடம் அப்படிப்பட்டதன்று. பல சமயங்களில் நீங்கள் கேட்ட பிறகுதான் அது வரையப்படுகிறது. மழை எங்கே பெய்கிறது, புயல் எங்கே நகர்கிறது, நேற்று எங்கெங்கே நிலம் நடுங்கியது என்று நீங்கள் கேட்கும்போது, எங்கோ ஓர் அறையில் இருக்கும் கணிப்பொறி தன் அட்டவணைகளைப் புரட்டி, வேண்டிய வரிகளை மட்டும் பொறுக்கியெடுத்துப் படமாக்கி அனுப்புகிறது. அந்தக் கணிப்பொறிக்குச் ‘சர்வர்’ என்று பெயர். ஓட்டலில் நமக்குப் பரிமாறுகிறவரையும் சர்வர் என்றுதானே சொல்கிறோம்? இருவருக்கும் வேலை ஒன்றே. கேட்டதைக் கொண்டுவந்து கொடுப்பது.

ஓட்டலிலிருந்தே தொடங்குவோம். ஒருவர் பத்து ஆண்டுகளாகத் தினமும் அதே மேசையில் உட்கார்ந்து “ஒரு காபி” என்கிறார். அவருக்குச் சர்க்கரை ஆகாது என்பது பழைய சர்வருக்குத் தெரியும். எனவே கேளாமலே சர்க்கரை இல்லாத காபி வரும். ஒருநாள் பழைய சர்வர் ஊருக்குப் போய்விடுகிறார். புதியவர் வருகிறார். “ஒரு காபி” என்றதும் சர்க்கரை போட்ட காபியைக் கொண்டுவந்து வைக்கிறார். தவறு யாருடையது? வாடிக்கையாளர் தம் வழக்கப்படிதான் கேட்டார். புதியவரும் கேட்டதைத்தான் கொடுத்தார். சொல்லாமல் விட்ட ஒரு சொல்லைப் பழையவர் ஒருவிதமாக நிரப்பிக்கொண்டார், புதியவர் வேறுவிதமாக நிரப்பிக்கொண்டார், அவ்வளவுதான்.

வரைபடச் சர்வரில் உள்ள மென்பொருளை எடுத்துவிட்டுப் புதிய பதிப்பைப் போடும்போது நடப்பதும் இதுவே. அங்கே சர்க்கரைக்குப் பதில் பெரும்பாலும் தகராறு செய்வது தேதியும் நேரமும்.

புள்ளி எங்கே?

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று சுமத்ராவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலடியில் 9.1 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. அதிலிருந்து எழுந்த சுனாமி இந்தோனேசியா, இலங்கை, தமிழகம், தாய்லாந்து முதலிய கரைகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததை உங்கள் பெற்றோர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த பின்னதிர்வுகளும் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் பட்டியலில் நாள், நேரம், இடம், அளவு ஆகியவற்றுடன் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் அந்தப் பட்டியலைப் பெறலாம்.

ஒரு கல்லூரியில் நிலவியல் மாணவர்கள் அந்தப் பட்டியலை ஒரு சர்வரில் ஏற்றி, வரைபடச் சேவை ஒன்றை நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். “26 டிசம்பர் 2004, காலை 6 முதல் 7 வரை” என்று கேட்டால், சுமத்ராவுக்கு மேற்கே கடலில் பெரிய சிவப்புப் புள்ளி ஒன்று தோன்றும். இப்படி நேரத்தைச் சொல்லிச் சலித்தெடுப்பதைக் காலச் சல்லடை என்று சொல்லலாம். மாவு சலிக்கிற சல்லடையில் கண்ணின் அளவு முக்கியம். இதில் தொடக்க நேரமும் முடிவு நேரமும் முக்கியம்.

ஒரு சனிக்கிழமை அவர்கள் சர்வர் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றுகிறார்கள். திங்கட்கிழமை அதே கேள்வியைக் கேட்கிறார்கள். கடல் வருகிறது, கரைகள் வருகின்றன, நிகோபார்ப் பக்கம் சிறிய புள்ளிகள் சிலவும் வருகின்றன. பெரிய புள்ளியை மட்டும் காணோம். பிழை என்று சர்வர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதில்தான் ஆபத்து இருக்கிறது. “உங்கள் கேள்வி எனக்குப் புரியவில்லை” என்று சர்வர் சொல்லியிருந்தால் மாணவர்கள் உடனே விழித்துக்கொள்வார்கள். வெறும் வரைபடமோ, “அங்கே ஒன்றும் நடக்கவில்லை” என்று சொல்கிறது. பாதி நிரம்பிய வரைபடம் இன்னும் மோசமானது. நாலு புள்ளிகள் இருப்பதால் எல்லாம் சரியாக இருப்பதாகவே பார்ப்பவர் எண்ணுவார். என்னைக் கேட்டால், முரட்டுத்தனமாகப் பிழை சொல்லி நின்றுவிடும் சர்வரே நல்ல சர்வர்.

நேரம் என்பது ஓர் எண்

காணாமற்போன புள்ளியைத் தேடுமுன், கணிப்பொறி நேரத்தை எப்படி எழுதிவைக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். நாள், மாதம், ஆண்டு, மணி என்று பிரித்து வைப்பது அதற்குத் தொல்லை. ஆகவே பல மென்பொருள்கள் ஒரே எண்ணாக வைத்துக்கொள்கின்றன. 1970 ஜனவரி 1, கிரீனிச் நள்ளிரவிலிருந்து எத்தனை விநாடிகள் ஓடிவிட்டன என்பதே அந்த எண்.

சுமத்ரா நிலநடுக்கத்துக்கு உரிய எண்ணை நாமே கண்டுபிடிக்கலாம். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1970 முதல் 2003 முடிய 34 ஆண்டுகள். 34 × 365 = 12,410 நாட்கள். இடையில் வந்த லீப் ஆண்டுகள் 1972, 76, 80, 84, 88, 92, 96, 2000 ஆக எட்டு. கூட்டினால் 12,418. பிறகு 2004 ஜனவரி 1-லிருந்து டிசம்பர் 26 பிறக்கும் வரை 360 நாட்கள் (2004-ம் லீப் ஆண்டு என்பதை மறக்கவேண்டாம்). ஆக மொத்தம் 12,778 நாட்கள். ஒரு நாளுக்கு 86,400 விநாடி. பெருக்கினால் 110,40,19,200. நிலநடுக்கம் தொடங்கியது கிரீனிச் கணக்கில் 0 மணி 58 நிமிடம் 53 விநாடிக்கு. அதாவது இன்னும் 3,533 விநாடி. கூட்டுங்கள்: 110,40,22,733.

இந்தக் கணக்கில் லீப் விநாடிகளைச் சேர்ப்பதில்லை. அவற்றைப் பார்க்காததுபோல் கடந்துபோவது என்று கணிப்பொறிக்காரர்கள் முடிவு செய்திருக்கிறார்கள்.

எண் கிடைத்துவிட்டது. ஆனால் அதன் பக்கத்தில் ‘விநாடி’ என்று எழுதியிருக்கிறதா? பெரும்பாலும் இராது. பல வரைபடச் சர்வர்கள் விநாடிகளில் எண்ணுவதில்லை, மில்லி விநாடிகளில் எண்ணுகின்றன. அதாவது நம் எண்ணுக்குப் பின்னால் மூன்று சுன்னங்கள் கூட வரவேண்டும். விநாடிகளில் எழுதிய நம் எண்ணை மில்லி விநாடி என்று ஒரு சர்வர் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? நிலநடுக்கம் 1970 ஜனவரி 13 மாலைக்குப் போய்விடும். மாறாக, மில்லி விநாடி எண்ணை விநாடி என்று கொண்டால், அது கி.பி. 36,900-க்கும் அப்பால் எங்கோ போய் விழும். இரண்டிலும் சல்லடையில் ஒன்றும் தங்காது.

யாருடைய காலை?

நிலநடுக்கம் ஒன்றுதான். அது தொடங்கிய கணமும் ஒன்றுதான். ஆனால் அந்தக் கணத்தில் சுமத்ராவில் கடிகாரம் காலை 7:58:53 காட்டியது. சென்னையில் காலை 6:28:53. கிரீனிச்சில் நள்ளிரவு தாண்டி 0:58:53. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலோ முந்தைய நாள், டிசம்பர் 25, மாலை 4:58:53. அங்கே அது கிறிஸ்துமஸ் மாலை!

உலகமெங்கும் ஒப்புக்கொண்ட பொது நேரத்துக்கு யு.டி.சி. என்று பெயர். கிரீனிச் நேரத்தின் இன்றைய வாரிசு என்று அதை வைத்துக்கொள்ளலாம். 82½ பாகைத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்ட இந்திய நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. இந்த நேரம் 1906 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் சென்னைக்குத் தனி நேரம் இருந்தது. அது இன்றைய இந்திய நேரத்துக்கு ஏறத்தாழ 9 நிமிடம் பின்தங்கியது.

இப்போது நம் மாணவர்களின் கேள்விக்கு வாருங்கள். “காலை 6 முதல் 7 வரை” என்றார்கள். எந்த ஊர்க் காலை என்று சொல்லவில்லை. பழைய மென்பொருள், தான் இயங்கும் கணிப்பொறியின் கடிகாரத்தைப் பார்த்து, இந்திய நேரம் என்று நிரப்பிக்கொண்டது. யு.டி.சி. கணக்கில் அது 0:30 முதல் 1:30 வரை. 0:58:53 அதற்குள் அடங்கும். பெரிய புள்ளி வந்தது. புதிய மென்பொருளோ, ஒன்றும் சொல்லாவிட்டால் யு.டி.சி. என்று கொள்கிறது. அது 6:00 முதல் 7:00 வரை. அதாவது நம் கடிகாரத்தில் பகல் 11:30 முதல் 12:30 வரை தேடியது. அந்த ஒரு மணி நேரத்துப் பின்னதிர்வுகள்தாம் நிகோபார்ப் பக்கம் தெரிந்த சின்னப் புள்ளிகள்! சர்க்கரை போட்ட காபி வந்துவிட்டது.

இப்படி விதி மாறுவது வெறும் கற்பனை அன்று. இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலேயே இது நடந்திருக்கிறது. தேதியையும் நேரத்தையும் சேர்த்து எழுதி, எந்த மண்டலத்து நேரம் என்று குறிக்காமல் விட்டால் அதை யு.டி.சி. என்று கொள்ளவேண்டும் என்றது 2009-இல் வந்த ஐந்தாம் பதிப்பு விதி. 2015-இல் வந்த ஆறாம் பதிப்போ, அதைப் பயன்படுத்துபவரின் உள்ளூர் நேரம் என்று கொள்ளச் சொன்னது. எழுதிய வரி ஒன்றே, பொருள் நம்மூரில் ஐந்தரை மணி நேரம் நகர்ந்துவிட்டது.

இன்னொரு வகை மாற்றமும் உண்டு. எஸ்ரி நிறுவனத்தின் ஆர்க்-ஜிஐஎஸ் சர்வர் என்பது பெரிய அலுவலகங்களில் பயன்படும் வரைபடச் சர்வர். அதற்கு முன்பெல்லாம் பின்னால் உள்ள தரவுத்தளம் எந்தப் பாணியை ஏற்குமோ அந்தப் பாணியிலேயே தேதியைக் கேட்கலாம். 2013-இல் வந்த 10.2 பதிப்பு, பாதுகாப்புக் கருதி, எல்லாரும் ஒரே பொதுப் பாணியில்தான் கேட்கவேண்டும் என்று கட்டாயமாக்கியது. தேதிக்கு முன்னால் ‘டேட்’ அல்லது ‘டைம்ஸ்டாம்ப்’ என்ற சொல்லைப் போட்டு, ஆண்டு முதலில், மாதம் அடுத்து, நாள் கடைசியில் என்று எழுதவேண்டும். பழைய பாணிக் கேள்விகள் நின்றுபோயின. இது பிழை சொல்லி நிற்கிற வகை. எரிச்சல் உண்டு, ஏமாற்றம் இல்லை.

சோதிக்கும் முறை

சரி, நம் மாணவர்களுக்கு இந்தக் காரணம் முன்கூட்டித் தெரியாது. அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? கண்டதையெல்லாம் மாற்றிப் பார்ப்பது உதவாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். காய்ச்சலுக்கு ஒரே நாளில் நாலு மருந்து கொடுத்தால், எது குணப்படுத்தியது என்று வைத்தியருக்கே தெரியாமற் போகும் அல்லவா?

முதலில் காலச் சல்லடையை அடியோடு எடுத்துவிட்டுக் கேட்கவேண்டும். நேரம் எதுவும் சொல்லாமல், “இந்தக் கடலில் உள்ள எல்லா நிலநடுக்கங்களையும் காட்டு” என்பது. எல்லாப் புள்ளிகளும் வந்துவிட்டால் பட்டியல் பத்திரமாக இருக்கிறது, கோளாறு நேரத்தில்தான். அப்படியும் ஒன்றும் வராவிட்டால் நேரத்தைக் குற்றம் சொல்வதை நிறுத்திவிட்டு வேறு இடத்தில் பார்க்கவேண்டும்.

வேறு இடம் என்றால்? இடமேதான்! வரைபடம் கேட்பதற்கு உலகப் பொதுவான விதிமுறை ஒன்று உண்டு. டபிள்யு.எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதன் 1.1.1 பதிப்பில் தீர்க்கரேகையை முதலிலும் அட்சரேகையைப் பிறகும் எழுதவேண்டும். 1.3.0 பதிப்பில், வழக்கமான பாகைக் கணக்கு வரைபடங்களுக்கு இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. பழைய வரிசையிலேயே கேட்டுக்கொண்டிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். சென்னை இருப்பது வட அட்சரேகை 13, கிழக்குத் தீர்க்கரேகை 80. இரண்டையும் மாற்றிப்போட்டால் 80 பாகை வடக்கே, ஸ்பிட்ஸ்பெர்கன் தீவை ஒட்டிய ஆர்க்டிக் கடலுக்குப் போய்விடுவீர்கள். சுமத்ரா நிலநடுக்கத்தின் இடத்தை (வடக்கே 3.3, கிழக்கே 96) மாற்றிப்போட்டால் எங்கே போவீர்கள் என்று உங்கள் உலக உருண்டையில் தேடிப்பாருங்கள். நிச்சயம் கிடைக்காது. ஏன் என்று உங்களுக்கே விளங்கும்.

எல்லாப் புள்ளிகளும் வந்தன என்றால் அடுத்தபடி, மிக அகலமான சல்லடையைப் போடவேண்டும். “2004 முழுவதும்” என்று கேட்பது. ஓர் ஆண்டு அகலச் சல்லடையிலும் ஒன்றும் வராவிட்டால், பிழை சில மணி நேரப் பிழை அன்று. எண்ணின் அலகோ தேதி எழுதும் பாணியோ அடியோடு தவறியிருக்கிறது. பெரிய புள்ளி வந்துவிட்டால், பிழை ஓர் ஆண்டுக்குள் அடங்கியது. இனி டிசம்பர் மட்டும், பிறகு 25 முதல் 28, பிறகு 26 மட்டும் என்று சுருக்கிக்கொண்டே வரலாம். எந்தச் சுருக்கத்தில் புள்ளி மறைகிறதோ அங்கே திருடன் இருக்கிறான்.

இதைவிட நேரான வழியும் ஒன்று உண்டு. நமக்கு நன்கு தெரிந்த ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, “இது எப்போது நடந்தது என்று நீ வைத்திருக்கிறாய்?” என்று சர்வரையே கேட்பது. சுமத்ரா நிலநடுக்கம் இதற்கு மிகவும் பொருத்தமானது. அதன் நேரம் விநாடி வரை நமக்குத் தெரியும். அதற்குரிய எண்ணை இப்போதுதானே கணக்கிட்டோம்?

வித்தியாசம் சொல்லும் கதை

சர்வர் சொல்லும் நேரத்துக்கும் நமக்குத் தெரிந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு கோளாறும் அதில் தன் கைரேகையை விட்டுச் செல்லும். சரியாக 5 மணி 30 நிமிடம் என்றால் இந்திய நேரமும் யு.டி.சி.யும் குழம்பியிருக்கின்றன. தேதி 1970 ஜனவரியில் வந்து நின்றால் மூன்று சுன்னங்கள் தொலைந்திருக்கின்றன. சரியாக 8 மணி நேரம் என்றால், கலிபோர்னியாவில் தயாரான மென்பொருள் யாரோ மறந்துவிட்ட அமைப்போடு வந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

நாளும் மாதமும் இடம் மாறிப்போவது இன்னொரு வகை. நாம் 5/12 என்று எழுதினால் டிசம்பர் 5. அமெரிக்கர் அதையே மே 12 என்று படிப்பார். புதிய பதிப்பு அமெரிக்க வழக்கத்தோடு வந்தால் நம் டிசம்பர் 5 சத்தமின்றி மே மாதத்துக்குப் போய்விடும். ஆனால் 26/12 அப்படிப் போகாது. ஏனென்றால் 26-ஆவது மாதம் என்று ஒன்று இல்லை! ஆகவே டிசம்பர் 26-ஐ மட்டும் வைத்துச் சோதித்துவிட்டு “எல்லாம் சரி” என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது. மாதத்தின் முதல் 12 நாட்களில் ஒரு தேதியைக் கட்டாயம் சோதிக்கவேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு ‘வரை’ என்ற சொல்லில் இருக்கிறது. “திங்கள் முதல் வெள்ளி வரை பள்ளி விடுமுறை” என்றால் வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போவீர்களா? மாட்டீர்கள். நம் பேச்சில் ‘வரை’ என்பது அந்த நாளையும் சேர்த்தது. சர்வரிடம் “டிசம்பர் 20 முதல் 26 வரை” என்று கேட்கும்போது மணி குறிப்பிடாவிட்டால், பல மென்பொருள்கள் 26 என்பதை 26-ஆம் தேதி 0 மணி 0 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். சல்லடை அந்த நள்ளிரவிலேயே மூடிவிடும். சுமத்ரா நிலநடுக்கம் யு.டி.சி. கணக்கில் அதற்கு 58 நிமிடம் 53 விநாடி கழித்து வந்தது. ஒரு மணி நேரம்கூட இல்லை, ஆனாலும் சல்லடைக்கு வெளியே! அந்த நள்ளிரவில் நிகழ்ந்தது எனப் பதிவானதைச் சேர்த்துக்கொள்வதா, விடுவதா என்பதிலும் மென்பொருள்களுக்குள் ஒற்றுமை இல்லை. “27-ஆம் தேதி 0 மணிக்கு முன்பு வரை” என்று கேட்டுவிட்டால் சண்டையே இல்லை.

சில சமயம் இவை எதுவும் காரணமாக இராது. உங்கள் கணிப்பொறியோ இடையில் உள்ள இன்னொரு சர்வரோ நேற்று வாங்கிய படத்தையே சேமித்துவைத்து மறுபடி நீட்டிக்கொண்டிருக்கும். தேதியை ஒரு நாள் மாற்றிக் கேட்டும் படம் அணுவளவும் மாறவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். சேமித்ததை அழித்துவிட்டு மறுபடி கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அரை மணி நேரம்

ஐந்தரை மணி நேரப் பிழையைக் கண்டுபிடிப்பது எளிது. சென்னைக் கரையை அலை அடைந்தது நம் கடிகாரத்தில் காலை 9 மணிக்குச் சற்றுப் பின். இதிலிருந்து யு.டி.சி. கணக்கில் எழுதிய 0:58-ஐ அப்படியே கழித்தால், அலை எட்டு மணி நேரம் பயணம் செய்ததாக விடை வரும். உண்மையில் அது வந்து சேர எடுத்தது சுமார் இரண்டரை மணி நேரம். இவ்வளவு பெரிய பொய்யை யாரும் நம்பமாட்டார்கள். சின்னப் பொய்யைத்தான் நம்பிவிடுவார்கள்.

இலங்கையின் நேரம் இன்று இந்தியாவைப் போலவே யு.டி.சி.யைவிட 5 மணி 30 நிமிடம் முந்தியது. எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1996 மே மாதம் அங்கே கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி 6 மணி 30 நிமிடம் ஆக்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி நேரம் பின்னே இழுத்து 6 மணி என்று வைத்தார்கள். 2006 ஏப்ரலில்தான் பழையபடி 5:30-க்குத் திரும்பினார்கள். ஆகவே 2004 டிசம்பர் 26 அன்று சென்னையில் 6:28 ஆனபோது யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் 6:58.

கரையோர வீடு ஒன்றில் அலை புகுந்து சுவர்க் கடிகாரம் சரியாக 9 மணிக்கு நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அன்றைய இலங்கை நேரப்படி அது யு.டி.சி. 3:00. நிலநடுக்கத்துக்குப் பின் 2 மணி 1 நிமிடம். சர்வர் இன்றைய வித்தியாசமான 5:30-ஐப் பழைய தேதிக்கும் போட்டுவிட்டால், அது யு.டி.சி. 3:30 ஆகி, பயண நேரம் 2 மணி 31 நிமிடம் என்று வரும். பார்க்க நியாயமான விடைதான். ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஆனால் அலையின் வேகம் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது.

சுனாமியின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் அது மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர், ஒரு ஜெட் விமானத்தின் வேகத்துக்கு அருகில். அடுத்த முறை இப்படி ஓர் அலை எழுந்தால் எந்த ஊருக்கு எத்தனை நிமிடத்தில் வரும் என்று கணிக்கிறவர்கள், தங்கள் கணக்கு சரியா என்று 2004-இன் பதிவுகளோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கவேண்டும். அந்தப் பதிவில் அரை மணி நேரம் பிசகினால், சரியான கணக்கைத் தவறு என்று தூக்கியெறிய நேரிடும்.

எந்த நாடு எப்போது கடிகாரத்தை மாற்றியது என்ற விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் பொதுப் பட்டியல் ஒன்று உண்டு. உலகின் பெரும்பாலான கணிப்பொறிகள் அதைப் பயன்படுத்துகின்றன. இலங்கையின் இந்த மாற்றங்களும், சென்னையின் பழைய நேரமும்கூட அதில் இருக்கின்றன. சர்வரில் அந்தப் பட்டியல் இருக்கிறதா, புதிய பதிப்பு அதைப் பார்க்கிறதா அல்லது ‘5:30’ என்ற ஒரே எண்ணை எல்லா ஆண்டுக்கும் போடுகிறதா என்று கேட்டறிய வேண்டும்.

நம் கல்லூரி மாணவர்கள் கடைசியில் என்ன செய்தார்கள்? புதிய மென்பொருளைத் திட்டிவிட்டுப் பழையதற்கே போகவில்லை. கேள்வியை முழுமையாக எழுதினார்கள். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், விநாடி என்று பெரியதிலிருந்து சிறியதற்கு வரிசையாக எழுதி, கடைசியில் யு.டி.சி.யைக் குறிக்கும் ‘இசட்’ என்ற ஆங்கில எழுத்தைப் போட்டார்கள். 2004-12-26, 00:30:00 முதல் 01:30:00 வரை. இரண்டுக்கும் பின்னால் ஓர் இசட். சர்வர் ஊகிக்க இனி ஒன்றும் இல்லை. சுமத்ராவுக்கு மேற்கே பெரிய புள்ளி திரும்பி வந்தது. பிறகு, அடுத்த முறை மென்பொருளை மாற்றும் அன்றே கேட்பதற்காக, விடை தெரிந்த ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதிச் சர்வர் அறைச் சுவரில் ஒட்டினார்கள். அவற்றில் ஒன்று மாதத்தின் 5-ஆம் தேதி பற்றியது, ஒன்று இலங்கை பற்றியது.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. ஒரு சர்வர் இந்த நிலநடுக்கத்தின் நேரத்தை “26 டிசம்பர் 2004, பகல் 11:58:53, இந்திய நேரம்” என்று காட்டுகிறது. இன்னொரு சர்வர் “25 டிசம்பர் 2004, இரவு 7:28:53, யு.டி.சி.” என்கிறது. இரண்டிலும் பிழை ஐந்தரை மணி நேரம்தான். ஆனால் நடந்த தவறு ஒன்றல்ல. ஒவ்வொன்றிலும் யார் எதை எத்தனை முறை கூட்டினார்கள், எதை எத்தனை முறை கழித்தார்கள்?